‘வசதியாக இருக்க வேண்டும்’ என்றால் என்ன?

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழக எல்லைக்குச் சற்று முன்பாக அமைந்துள்ள ஊர் குடிபாலா. அப்பகுதியில் நான் பணியாற்றிய காலத்தில், இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்கடன் கோரி வந்தார். மூன்று சென்ட் மனை அவருக்குச் சொந்தமாக இருந்தது. வரைபடமும் மதிப்பீடும் தயார் செய்து கொண்டுவந்திருந்தார். வரைபடம் வரைந்தவரிடம் என்ன சொல்லி வரையச் செய்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “மூன்றே வார்த்தைதான் சார். வசதியாக இருக்க வேண்டும், காற்றோட்டமாக இருக்க வேண்டும், செலவு கைமீறக் கூடாது” என்றார். இருவரும் சிரித்தோம். பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, மதிப்பீடு அனைத்தும் ஒழுங்காக இருந்தன. கடன் வழங்கப்பட்டது.

தளம் போட்டு உட்பூச்சும் முடிந்தபின் ஒரு நாள் அவர் தம் தாயாரை வீட்டைக் காட்ட அழைத்து வந்தார். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அந்த அம்மையார் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். வாசலில் மூன்று படிகள் இருந்ததால், நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுசென்றார்கள். குளியலறைக் கதவின் நிலை இரண்டரை அடி அகலம். சட்டத்தின் கனம் போக உள்ளே கிடைத்த இடைவெளி சுமார் இரண்டு அடி. நாற்காலியின் அகலமோ அதற்குச் சற்று மேல். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. மகன் மறுநாள் காலை எங்கள் கிளைக்கு வந்து, “சார், இன்னும் கொஞ்சம் கடன் கிடைக்குமா?” என்று கேட்டார்.

அனுமதிக்கப்பட்ட மதிப்பீட்டுக்கு மேல் அவ்வளவு எளிதாகக் கடன் கூட்ட இயலாது. சுவரை இடித்து, நிலையை மாற்றி, வாசலில் சாய்தளம் அமைக்க, மகளின் படிப்புக்கென அவர் போட்டு வந்த தொடர் வைப்பு முதிர்வுக்கு முன்பே முடிக்கப்பட்டது. அந்தப் படிவத்தில் நான்தான் கையொப்பமிட்டேன்.

இதில் குற்றவாளி யார் என்று பல நாள் எண்ணியதுண்டு. வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. அம்மா சக்கர நாற்காலியில் இருப்பது அவருக்கு அன்றாடம் பழகிய காட்சி. அதைத் தனியே சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வரைந்தவரும் கேட்டதைத்தான் வரைந்தார். அந்த வரைபடத்தை நானும் பார்த்தேன். அறைகளின் அளவை மதிப்பீட்டோடு ஒப்பிட்டேன். அவ்வீட்டில் யார் வாழப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. ‘வசதி’ என்ற ஒரு சொல்லை மூவரும் மூன்று பொருளில் புரிந்துகொண்டு, ஒரே பொருளில் புரிந்துகொண்டதாக நம்பிவிட்டோம்.

வீடு, கடை, தொழிற்கூடம், விளம்பரப் பலகை, கணினி மென்பொருள் என எதை வடிவமைக்கச் சொன்னாலும் இந்த இடர்ப்பாடு எழும். இதைத் தீர்க்கத் தர மேலாண்மைத் துறை நெடுங்காலமாக ஒரு முறையை வகுத்து வைத்துள்ளது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி நாம் அதை ஒதுக்கிவிடுகிறோம். வடிவமைப்புப் பணியை ஒப்படைக்கும் வாடிக்கையாளர்களுக்கும், அப்பணியையே தொழிலாகக் கொண்ட வாடிக்கையாளர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கு விளக்குகிறேன்.

தேவைகள் மூவகை

தர மேலாண்மைக்கான உலகத் தரநிலைகள் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசையில் வெளியிடப்படுகின்றன. அவ்வரிசையின் சொற்பொருள் விளக்கப்படி, ‘தேவை’ என்பது மூன்று வகைப்படும்: வெளிப்படையாகக் கூறப்பட்டது, பொதுவாக உட்கிடையாக எதிர்பார்க்கப்படுவது, கட்டாயமானது.

‘இரண்டு படுக்கையறை வேண்டும்’ என்பது கூறப்பட்ட தேவை. மழைநீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. அது உட்கிடைத் தேவை. மனையின் நான்கு புறமும் விடவேண்டிய இடைவெளி கட்டாயத் தேவை. வாடிக்கையாளர் வேண்டாம் என்றாலும் விட்டே ஆகவேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் பிறக்கிறது. சொல்லாமலே விளங்கும் என்று ஒருவர் எண்ணுவது மற்றவருக்கு விளங்காமல் போகிறது. நம் இராணுவ வீரரின் தாயார் இந்த இரண்டாம் வகைக்குள் மறைந்துபோனார்.

பொறுப்பு யாருடையது?

ஐ.எஸ்.ஓ. 9001 என்பது இவ்வரிசையில் சான்றிதழ் பெறுவதற்குரிய தரநிலை. 1987-இல் முதன்முதலில் வெளிவந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதை இந்தியத் தரநிலையாக ஏற்றுள்ளது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பின் எட்டாம் பிரிவில் நம் பொருளுக்கு நேரடியாக உரிய விதிகள் உள்ளன. அவற்றின் சாரம் இது:

பணியை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே நிறுவனம் தேவைகளை மீளாய்வு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் கூறாவிட்டாலும், பொருளின் பயன்பாட்டுக்கு இன்றியமையாதவை எவையெனத் தெரிந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எழுத்துவடிவில் எதையும் தரவில்லையெனில், நிறுவனமே அவற்றை அவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். வடிவமைப்புக்கு ஆதாரமாகக் கொள்ளும் தகவல்கள் போதுமானவையாகவும் முழுமையாகவும் இருபொருளுக்கு இடமின்றியும் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் தேவைகளை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளர் தெளிவாகப் பேச வேண்டும் என்று இந்த விதிகள் எங்கும் கூறவில்லை. தெளிவாக்கிக்கொள்ளும் கடமை பணியை ஏற்பவருடையது. இது நியாயமும் ஆகும். நோயாளி ‘உடம்பு சரியில்லை’ என்றுதான் சொல்வார். எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டறிவது மருத்துவரின் வேலை. வாழ்நாளில் ஒருமுறை வீடு கட்டுபவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. மாதந்தோறும் வரைபவருக்குத் தெரியும்.

ஆயினும் கேட்காதவரிடம் சென்று சேர்ந்துவிட்டால் இழப்பு நம்முடையது. ஆகவே வாடிக்கையாளரும் இம்முறையை அறிந்திருப்பது நலம்.

நம் சட்டைப்பையில் ஒரு சான்று

தெளிவற்ற தேவை தெளிவான வடிவம் பெற்றதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நாம் நாள்தோறும் எழுதும் ₹ என்ற குறியீடு.

2009 மார்ச் மாதத்தில் மத்திய நிதி அமைச்சகம் இந்திய ரூபாய்க்குக் குறியீடு வடிவமைக்கும் போட்டியை அறிவித்தது. அக்குறியீடு இந்தியாவின் பண்பாட்டையும் விழுமியங்களையும் பிரதிபலிக்க வேண்டும் என்பது முதன்மையான எதிர்பார்ப்பு. பண்பாட்டை அளக்க அளவுகோல் ஏது? மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. இறுதிச் சுற்றுக்கு ஐந்து தேர்ந்தெடுக்கப்பட்டன. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமாரின் வடிவத்தை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் அவர்.

அவர் ‘பண்பாடு’ என்ற பெருஞ்சொல்லைக் கண்ணால் காணத்தக்க சில கூறுகளாக இறக்கிக்கொண்டார். தேவநாகரி ‘ர’ எழுத்தும், செங்குத்துக் கோடு நீக்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒன்றாயின. மேலே இரு கிடைக்கோடுகள். அவை மூவர்ணக் கொடியையும் சமன்குறியையும் நினைவூட்டும். ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே உள்ளது என்பதற்கு விடை சொல்ல முடிந்தது.

இதைவிடக் கவனிக்கத்தக்கவை உட்கிடைத் தேவைகள். நாணயக் குறியீடு எனில், கணக்கப்பிள்ளை விரைவாகக் கையால் எழுத முடிய வேண்டும். சிறிய நாணயத்திலும் பெரிய பெயர்ப்பலகையிலும் ஒருபோல் தெரிய வேண்டும். ரூபாய் என்றே பெயர் கொண்ட பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நாணயங்களிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். கணினியில் தட்டச்சு செய்ய முடிய வேண்டும். கடைசித் தேவை வரைந்தவுடன் நிறைவேறுவதன்று; அதற்கு ஒரு குறியெண் வேண்டும். 2010 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறி 6.0 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. 2011-இல் நாணயங்களிலும் அக்குறியீடு இடம்பெற்றது. பண்பாட்டுக்குப் பொருத்தமாக இருந்தும் தட்டச்சுப் பலகையில் ஏறாமல் போயிருந்தால், இன்று உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது அச்சாகியிராது.

மற்றொரு சான்று ரூபாய்த் தாளிலேயே உள்ளது. ‘பார்வையற்றவரும் அடையாளம் காணவேண்டும்’ என்பது நல்ல நோக்கம். ஆனால் வரைபவருக்கு அது போதாது. புதிய வரிசை 500 ரூபாய்த் தாளில் அந்நோக்கம் விரலால் தடவி உணரத்தக்க வட்டமாகவும், இருபுறமும் ஐந்து சாய்கோடுகளாகவும் மாறியது. 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும் நான்கு கோடுகளும் உள்ளன. 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் அகலம் ஒன்றே. நீளம் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர். இப்போது அத்தேவையைச் சரிபார்க்க முடியும்.

எனினும் நான்கு மில்லிமீட்டர் வேறுபாடு விரலுக்குப் போதுமா என்ற கேள்வியைப் பார்வையற்றோர் அமைப்பு நீதிமன்றம் வரை கொண்டுசென்றது. தாள்களை அடையாளம் கண்டு குரலில் சொல்லும் ‘மணி’ என்ற கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டது. தேவையை அளவாக மாற்றுவது பாதி வேலை. அந்த அளவு பயன்படுத்துபவருக்கு உதவுகிறதா என்று அவரிடமே சோதிப்பது மீதிப் பாதி. தர மேலாண்மை இவ்விரண்டையும் பிரித்தே கூறுகிறது. எழுதியபடி வரைந்தோமா என்பது சரிபார்ப்பு. வரைந்தது பயன்படுபவருக்குப் பொருந்துகிறதா என்பது பொருத்தச் சோதனை.

சொல்லை அளவாக மாற்றும் வழி

ஜப்பானில் 1972-இல் மிட்சுபிஷி நிறுவனத்தின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் ஒரு வழக்கம் தொடங்கியது. ஒரு பெரிய அட்டவணையின் ஒருபுறம் வாடிக்கையாளர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே எழுதினார்கள். மறுபுறம், அச்சொல் நிறைவேற எந்தப் பகுதி எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை எழுதினார்கள். கப்பலுக்குப் பெரிய அட்டவணை தேவை. நம் வீட்டுக்கு ஒரு தாள் போதும்.

‘வசதி’ என்று எழுதுங்கள். யாருக்கு வசதி என்று கேளுங்கள். அம்மாவுக்கு. எதில் வசதி? தாமே குளியலறைக்குச் செல்வதில். அப்படியானால் கதவின் தெளிவான இடைவெளி 900 மில்லிமீட்டர். வாசலில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம். நாற்காலி திரும்ப ஐந்தடி வெளி. பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறும் அளவுகளும் இவையே.

‘காற்றோட்டம்’ என்பது எந்த அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வேண்டும் என்று மாறட்டும். ‘சீக்கிரம்’ என்பது ஒரு தேதியாகட்டும். ‘சிக்கனம்’ என்பது இத்தொகைக்கு மேல் போகக்கூடாது என்ற எண்ணாகட்டும். கூடவே, தொகை மீறும்போலிருந்தால் முதலில் எதைக் குறைப்பது என்ற வரிசையும் எழுதப்படட்டும். பெரிய கூடமும் வேண்டும், குறைந்த செலவும் வேண்டும் என்பது முரண். அதைத் தாளிலேயே தீர்த்துக்கொண்டால் செலவில்லை.

‘அழகு’ எண்ணுக்கு அடங்காது. அதற்கு வழி மாதிரி காட்டுவது. ஏற்கெனவே கட்டப்பட்ட மூன்று வீடுகளைக் காட்டி, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிடிக்காததைச் சொல்வது எல்லோருக்கும் எளிது.

எல்லைப் பகுதியில் அளவுச் சொற்கள்

இருமொழி வழங்கும் எங்கள் பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. வீட்டுக்காரர் தமிழில் சொல்கிறார். மேஸ்திரி தெலுங்கில் புரிந்துகொள்கிறார். மதிப்பீடு ஆங்கிலத்தில் வருகிறது. கட்டடப் பரப்பைத் தமிழில் ‘சதுரம்’ என்போம். அது 100 சதுர அடி. ஆந்திரத்தில் ‘அங்கணம்’ என்பர். அது சில ஊர்களில் 36 சதுர அடி, சில ஊர்களில் 72 சதுர அடி. ஒரே சொல், இருமடங்கு வேறுபாடு! சென்ட் மட்டும் எங்கும் 435.6 சதுர அடிதான். ஆகவே எந்தச் சொல்லில் பேசினாலும், எழுதும்போது சதுர அடியிலோ சதுர மீட்டரிலோ எழுதிக்கொள்ளுங்கள்.

‘பரப்பு’ என்ற சொல்லும் அவ்வாறே. அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோர் கவனிக்க: 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ‘கார்ப்பெட் பரப்பு’ என்பதற்கு விளக்கம் தந்துள்ளது. வெளிச்சுவர், பால்கனி, வராந்தா, திறந்த மொட்டைமாடி ஆகியவை அதில் சேரா. வீட்டுக்குள் உள்ள தடுப்புச் சுவர்கள் சேரும். விலைப்பட்டியலில் உள்ள பரப்பு எந்தப் பரப்பு என்று கேட்பது உங்கள் உரிமை.

மாற்றம் வந்தால்

எவ்வளவு தெளிவாக எழுதினாலும் நடுவில் மனம் மாறும். அது இயல்பு. பூசை அறையைக் கிழக்கே மாற்றலாம் என்று மாமியார் சொல்வார். மாற்றத்தைத் தரநிலை தடுப்பதில்லை. பதிவு செய்யச் சொல்கிறது. என்ன மாற்றம், செலவு எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும், வேறெதைப் பாதிக்கும் என்ற நான்கையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பின்பே வேலை நடக்க வேண்டும். வாய்மொழியாக மேஸ்திரியிடம் சொல்லும் மாற்றங்களே பின்னால் வழக்காகின்றன.

இங்கு வங்கியின் பங்கும் உண்டு. வீட்டுக்கடன் மதிப்பீட்டை ஆதாரமாகக் கொண்டு அனுமதிக்கப்படுகிறது. வேலை முன்னேற முன்னேறத் தவணையாக வழங்கப்படுகிறது. ரூ. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் வழங்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. கடன் தொகை உயர உயர இவ்விழுக்காடு குறையும். எனவே தெளிவின்மையால் கூடும் செலவு பெரும்பாலும் உங்கள் சேமிப்பிலிருந்தே போகும். பெரிய மாற்றம் செய்ய எண்ணினால், சுவரைத் தொடும் முன் கிளைக்குத் தெரிவியுங்கள்.

வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு

வரைபட அலுவலகம், உள் அலங்காரப் பணி, அச்சு வடிவமைப்பு, மென்பொருள் எனத் தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். சான்றிதழ் பெறுவது உங்கள் விருப்பம். ஆனால் கேட்டு எழுதி, எழுதியதை வாடிக்கையாளருக்கு அவர் மொழியிலேயே படித்துக்காட்டி, ஒப்புதல் பெறும் ஒரு தாளுக்குச் சான்றிதழ் தேவையில்லை. இருமுறை வரைவதற்கு யாரும் இருமுறை கூலி தருவதில்லை. ‘நான் கேட்டது இதுவன்று’ என்று வாடிக்கையாளர் சொல்லும் நாளில், அவரிடமிருந்து வரவேண்டிய பாக்கியும் நின்றுவிடுகிறது. உங்கள் நடைமுறை மூலதனக் கணக்கில் அதை நாங்கள் காண்கிறோம்.

வரைபடத்தை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியவை ஐந்து:

1. இதை யார் யார் பயன்படுத்துவார்கள்? அவர்களில் முதியோர், குழந்தைகள், உடல்நலம் குன்றியோர் உண்டா?

2. காலை முதல் இரவு வரை இதில் என்னென்ன நடக்கும்?

3. எது கட்டாயம், எது விருப்பம், எதை விட்டுக்கொடுக்கலாம்?

4. தொகையின் மேல்வரம்பு என்ன, முடியவேண்டிய தேதி எது?

5. வேலை முடிந்ததும் சரியாக உள்ளது என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வோம்?

ஐந்தாம் கேள்வியே தலையாயது. விடை கிடைக்கவில்லையெனில் முதல் நான்கில் ஏதோ ஒன்று இன்னும் தெளியவில்லை என்று பொருள்.

கோட்டிலேயே திருத்துவோம்

அதே இராணுவ வீரரின் தம்பி, சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்து மனையில் வீடு கட்டினார். கடை கால் தோண்டுவதற்கு முன், மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளையும் கதவு வழிகளையும் உண்மை அளவில் கோடு போடச் செய்தார்கள். அண்ணன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்து, அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒவ்வோர் அறையாகத் தள்ளிக்கொண்டு போனார். பின்கட்டுக்குச் செல்லும் வழியில் சக்கரம் கோட்டின்மேல் ஏறியது. மேஸ்திரி அந்தக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, அரையடி தள்ளி வேறொரு கோடு போட்டார்.

செலவு, ஒரு பிடி சுண்ணாம்பு.